சேர்மன் முழங்காலுக்கு வந்த ஹீட்டர்

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்வது ஒரு வியாதி. எனக்கு அது இருபத்து மூன்று வயதில் நன்றாக முற்றிப்போயிருந்தது. போதாக்குறைக்கு, அந்தப் பொய்யை நான் இந்தியில் சொல்ல வேண்டியிருந்தது.

அறுபதுகளின் நடுவில் கோவில்பட்டியிலிருந்து கிளம்பி, கப்பலேறி அந்தமான் வந்தேன். லாங் ஐலண்டில் மரம் அறுக்கும் கம்பெனி ஒன்றில் வயர்மேன் வேலை. அங்கே போகிற லாஞ்சைப் பிடிக்க ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் டிரங்குப் பெட்டியோடு நின்றபோது, ஒரு குமாஸ்தா என்னைப் பார்த்து, "ஹிந்தி ஆத்தா ஹை?" என்று கேட்டார்.

"ஆத்தா ஊர்ல இருக்காங்க. நான் மட்டுந்தான் வந்திருக்கேன்" என்றேன்.

(பக்கத்தில் நின்ற நாலு தமிழர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோதுதான், அது என் தாயாரைப் பற்றிய விசாரணை இல்லை என்று புரிந்தது.) 'ஆத்தா ஹை' என்றால் 'தெரியும்' என்று அவர்களே சொல்லிக் கொடுத்தார்கள். நான் கற்றுக்கொண்ட முதல் இந்தி அது. கற்றுக்கொண்டதை உடனே உபயோகப்படுத்திவிட வேண்டும் என்ற ஆர்வம் எனக்கு எப்போதும் உண்டு.

லாங் ஐலண்டில் எனக்கு ஆறு மாதம் பயிற்சிக் காலம். அதைத் தாண்டினால்தான் வேலை நிரந்தரம். பல்பு மாற்றுவது, ஃபேனுக்கு எண்ணெய் விடுவது, மில் மோட்டார்களுக்கு ஃபியூஸ் போடுவது என்று ஐந்து மாதம் தலை தப்பி ஓடிவிட்டது. ஊருக்கு எழுதிய கடிதங்களில் நான் அதற்குள் 'எஞ்சினியர்' ஆகியிருந்தேன்.

ஆறாவது மாதம், ஏப்ரல் வெயிலில், அந்தப் பெட்டி வந்து இறங்கியது.

எங்கள் மேனேஜர் முகர்ஜி பாபு கட்டை குட்டையானவர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றுவார், ரொம்பக் கோபம் வந்தால் மறுபடி மாட்டுவார். அவருடைய பங்களாவின் பின்பக்கம் சிமெண்டில் கட்டிய ஒரு நீச்சல் குளம் இருந்தது. குளம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கல்யாண வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும் அளவு அகலம், இடுப்பளவு ஆழம். முன்னால் இருந்த ஒரு வெள்ளைக்கார மேனேஜர் கட்டிவிட்டுப் போனது. மேட்டு ஓடையிலிருந்து இரும்புக் குழாய் வழியாக அதற்குத் தண்ணீர் வரும். முகர்ஜி பாபு அதில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. அவர் வீட்டுக்குள் வாளி வைத்துக் குளிப்பவர்.

கம்பெனியின் சேர்மன் கல்கத்தாவில் இருந்தார். அவருக்கு முழங்கால் வலி. வெந்நீரில் காலை முக்கி உட்காரச் சொல்லி டாக்டர் உத்தரவு. அவர் மில்லைப் பார்வையிட ஒரு வாரம் வருகிறார் என்று தந்தி வந்ததும், முகர்ஜி பாபு யாரிடமோ சொல்லி, நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் ஒன்றைக் கப்பலில் வரவழைத்துவிட்டார். ஏதோ குளிர் தேசத்தில் செய்தது. சின்ன பீரோ அளவு இரும்புப் பெட்டி, அதற்கு ஒரு பம்பு, சில குழாய்கள், ஒரு சின்னப் புத்தகம். பம்பு குளத்துத் தண்ணீரை உறிஞ்சிப் பெட்டிக்குள் தள்ளும், பெட்டி அதைச் சூடாக்கித் திரும்பக் குளத்தில் விடும். அவ்வளவுதான் வேலை.

முகர்ஜி பாபு என்னைக் கூப்பிட்டார். பெட்டியைக் காட்டி, "யே காம் ஆத்தா ஹை?" என்றார், இந்த வேலை தெரியுமா என்று.

நான் அதுவரை சூடாக்கிய ஒரே மின்சாரச் சாமான், என் மாமாவின் இஸ்திரிப் பெட்டி. அதுவும் ஒரு வேட்டியோடு முடிந்த கதை.

"ஆத்தா ஹை, சாப்" என்றேன்.

"சேர்மன் சனிக்கிழமை காலை வருகிறார். அன்றைக்கு இது ஓட வேண்டும்."

அன்று புதன்கிழமை.

ஒரே நாளில் பொருத்திவிட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். பம்பின் ஒரு கால் மட்டும் தரையில் பதியாமல் ஆடியது. சுற்றிலும் பார்த்தேன். சரியான கனத்தில் அந்தச் சின்னப் புத்தகம் கிடந்தது. மடித்துக் காலுக்கு அடியில் வைத்தேன். பம்பு அசையாமல் நின்றது. (எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். பதினாறு பக்கம் எழுத்துக்கூட்டுவதைவிட இது நல்ல உபயோகம் என்று பட்டது.)

பெட்டியின் முகப்பில் ஒரு திருகு குமிழ் இருந்தது. அறுபதில் ஆரம்பித்து எண்பத்தைந்து வரை எண்கள், ஃபாரன்ஹீட் கணக்கில். எண்பத்தைந்துதான் கடைசி என்பதால் அதிலேயே வைத்தேன். சேர்மனுக்குப் போய்க் குறைவாகக் கொடுப்பதா? சுவிட்சைப் போட்டேன். பம்பு உறுமியது. தண்ணீர் ஓடியது. பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும், எரிந்தால் ஹீட்டர் ஓடுகிறது என்று பொருள்.

எரியவில்லை.

சுவிட்சை அணைத்துப் போட்டேன். எரியவில்லை. மெதுவாகப் போட்டேன், வேகமாகப் போட்டேன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போட்டேன். ஊஹூம். பெட்டியைத் தட்டினேன். பிறகு அடித்தேன்.

வியாழக்கிழமை காலையிலிருந்து முறையாக ஆராய்ச்சி தொடங்கியது. ஃபியூஸை மாற்றினேன். வயர் முழுவதையும் பிடுங்கிப் புதிதாக இழுத்தேன். மூடியைக் கழற்றி, உள்ளே பளபளவென்று இருந்ததையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மங்க வைத்தேன். இத்தனையும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் கையில் ரப்பர் உறையும் போட்டுக்கொண்டுதான். தண்ணீரும் கரண்டும் சேர்ந்த இடத்தில் வெறுங்கையை விடாதே என்று தொழிற்பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். படித்ததில் நான் தவறாமல் கடைப்பிடித்தது அது ஒன்றுதான். அதுவே பின்னால் என் மானத்தை வாங்கப்போகிறது என்று யார் கண்டார்கள்?

மத்தியானத்துக்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஹீட்டர் நல்ல ஹீட்டர், வயர் நல்ல வயர், பொருத்தியவன் நான். ஆகவே கோளாறு ஜெனரேட்டரில்.

ஜெனரேட்டரை ஓட்டியவர் குஞ்ஞப்பன் சேட்டன். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். ஜெனரேட்டர் அறையில் எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்காமல் நடக்கத் தெரிந்த ஒரே மனிதர். நான் விஷயத்தைச் சொன்னதும் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"எடா, எண்டெ ஜெனரேட்டருக்கு ஒரு தீனமும் இல்லா. தீனம் உன் பெட்டிக்கா." (தீனம் என்றால் அவர் பாஷையில் நோய்.)

"இல்ல சேட்டா, வோல்டேஜ் பத்தல. சீமைச் சாமான், கொஞ்சம் கூடக் கேக்கும். ஒரு அஞ்சு நிமிஷம் ஏத்தி விடுங்களேன்."

"பத்தலயா? எண்டெ ஜெனரேட்டருக்குப் பத்தலயா?"

தன்மானத்தைத் தொட்டுவிட்டேன். மனிதர் ஏற்றினார். நான் குளத்தடிக்கு ஓடினேன். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பங்களாவுக்குள் டப், டப், டப் என்று வரிசையாகச் சத்தம். பகலில் எதற்கு வெடி என்று யோசித்தேன். வெடி இல்லை. பல்புகள். கடைசியாக ஒரு சத்தம் வேறு மாதிரி கேட்டது. அது முகர்ஜி பாபுவின் ரேடியோ. கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தவர் புகையோடு வெளியே வந்தார். கையில் கண்ணாடி இருந்தது. என்னைப் பார்த்ததும் அதை மாட்டிக்கொண்டார்.

அவர் பேசியதில் பாதி வங்காளி, பாதி இந்தி. எனக்குப் புரிந்தது கடைசி வாக்கியம் மட்டும். சனிக்கிழமை ஹீட்டர் ஓடாவிட்டால், சேர்மன் வரும் லாஞ்சிலேயே நான் போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து மெயின்லேண்டுக்கும் போகலாம்.

கோவில்பட்டியில் இறங்கி எஞ்சினியர் திரும்பி வந்த காரணத்தை விளக்குவதை நினைத்துப் பார்த்தேன். கடல் பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் எனக்கு நீச்சல் தெரிந்து தொலைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் பெட்டியைப் பிரித்து, பூட்டி, பிரித்தேன். ஒவ்வொரு தடவை பூட்டும்போதும் ஒரு திருகாணி மிஞ்சியது. ஜெனரேட்டர் அறையிலிருந்து குஞ்ஞப்பன் சேட்டன் எட்டிப் பார்த்து, "எந்தா எஞ்சினியரே, ஆயோ?" என்று அரை மணிக்கு ஒரு தடவை விசாரித்தார்.

சனிக்கிழமை விடிந்தது. எட்டு மணிக்கு லாஞ்சு ஊதியது. ஜெட்டியிலிருந்து சேர்மனை ஒரு தேக்கு நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு மேடேறி வந்தார்கள். வெள்ளை வெளேரென்று மீசை. ஒவ்வொரு அசைவுக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். அவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று டிஸ்பென்சரி நர்ஸ் தேவகியையும் முகர்ஜி பாபு வரச்சொல்லியிருந்தார். தேவகி போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வீட்டில் தமிழ், வெளியே இந்தி, பேசும்போது இரண்டும். ஐந்து மாதமாக அவர் முன்னால் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. (டிஸ்பென்சரி ஃபேனுக்கு நான் விட்ட எண்ணெயில் ஒரு மீனே பொரித்திருக்கலாம்.)

அவர் பார்வை என் மேல் விழுந்த நேரத்தில்தான் எனக்கு அந்த ஞானம் வந்தது. குமிழுக்குப் பின்னால் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது, தெர்மோஸ்டாட். கரண்டு அதுவரை வருகிறது, அதைத் தாண்டிப் போக மறுக்கிறது. அப்படியானால் செத்தது அதுதான்! செத்ததை நடுவில் எதற்கு வைத்துக்கொண்டிருப்பது? ஒரு துண்டு வயரை எடுத்து, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நேரடியாகப் பாலம் போட்டுவிட்டேன்.

சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது!

நான் குதித்தேன். ஜெனரேட்டர் அறை வாசலில் குஞ்ஞப்பன் சேட்டன் கையைத் தூக்கினார். முகர்ஜி பாபு முதல் தடவையாக என் தோளில் தட்டினார். தேவகி சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் கொஞ்சம் செய்ய வேண்டும் போல இருந்தது. தண்ணீர் மெதுவாக ஓடினால் இன்னும் நன்றாகச் சூடேறும் அல்லவா? பம்புக் குழாயின் வால்வைப் பாதிக்கு மேல் மூடினேன்.

சேர்மன் அரைக்கால் டிராயரோடு குளத்தில் இறக்கப்பட்டார். நாற்காலியையும் தண்ணீருக்குள் போட்டு, வெந்நீர் நேராக முழங்காலில் படட்டும் என்று குழாய் வாய்க்கு எதிரே அவரை உட்கார வைத்தார் முகர்ஜி பாபு.

சேர்மன் கண்ணை மூடினார். "ஆஹா" என்றார். "பஹுத் அச்சா" என்றார். முகர்ஜி பாபு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என் வேலை நிரந்தரமாகிவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

இரண்டு நிமிடம் அப்படியே போனது. பிறகு சேர்மன் ஒரு கண்ணைத் திறந்தார். அடுத்த கண்ணையும் திறந்தார்.

"அரே பாப் ரே!"

நாலு பேர் தூக்கி வந்த மனிதர் எழுந்த வேகத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. நாற்காலி ஒரு பக்கம் போனது. படிக்கட்டை அவர் உபயோகிக்கவே இல்லை. கரையில் கையை ஊன்றி ஒரே எம்பு. அங்கிருந்து, சொட்டச் சொட்ட, பங்களாவைப் பார்த்து ஓட்டம். "பந்த் கரோ! பந்த் கரோ!" என்று கத்திக்கொண்டே ஓடினார். அதற்கு 'நிறுத்து' என்று அர்த்தம் என்பது தெரிந்திருந்தும் நான் அவர் பின்னால் ஓடினேனே தவிர, சுவிட்ச் பக்கம் போகவில்லை. அணைத்தது தேவகிதான்.

குழாய் வாயில் ஆவி பறந்தது. முகர்ஜி பாபு கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். எந்தக் கோபத்துக்கு எது என்று அவருக்கே மறந்துவிட்டது.

சேர்மனை வராந்தாவில் உட்கார வைத்தோம். முழங்காலுக்குக் கீழே தோல் நன்றாகச் சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. தேவகி மருந்து தடவிவிட்டு, கால் மேல் ஊற்றப் பச்சைத் தண்ணீர் வேண்டும் என்று வாளியோடு குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் இரும்புக் குழாய்க்குப் போனார். ஹீட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. குழாயின் கீழே கையை நீட்டியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அரே மிஸ்திரி, இங்க வாங்க. இந்தத் தண்ணியத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். மூன்று நாளில் முதல் தடவையாக வெறுங்கையால் தொட்டேன். இரும்புக் குழாய் அரை மைல் வெயிலில் கிடந்து வருகிறது. குளம் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் குடிக்கிறது. தண்ணீர் கதகதவென்று இருந்தது.

"இது பஹ்லேயே கரம் பானி" என்றார் தேவகி. (பஹ்லே என்றால் முன்னாலேயே, கரம் என்றால் சூடு.) "கரமா இருக்கறத இன்னும் எதுக்குக் கரம் பண்றீங்க?"

தேவகி பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். "சாமானோட ஒரு கிதாப் வந்திருக்குமே, எங்க?" என்றார்.

நான் பம்பின் காலைக் காட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். குனிந்து, பம்பைச் சாய்த்து, ஈரத்தில் ஊறிய புத்தகத்தை உருவினார். வராந்தாவில் எல்லோர் முன்னாலும் நின்று புரட்டினார். கடைசியில் கோளாறுகளுக்கு என்றே ஒரு பக்கம் இருந்தது. அதன் முதல் வரியை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, எனக்காகத் தமிழிலும், முகர்ஜி பாபுவுக்காக இந்தியிலும் சொன்னார். என் அவமானம் மும்மொழியில் வாசிக்கப்பட்டது.

"ஹீட்டர் ஆன் ஆகலேன்னா, முதல்ல தண்ணியோட சூட்டைப் பாருங்க. குமிழ்ல வச்ச அளவ விட தண்ணி ஏற்கெனவே சூடா இருந்தா ஹீட்டர் ஆன் ஆகாது. இது கோளாறு இல்ல."

தடுப்பூசி மருந்துப் பெட்டியில் வைக்கிற தெர்மாமீட்டரை எடுத்து வாளிக்குள் விட்டார். தொண்ணூற்றொன்று காட்டியது. குமிழின் கடைசி எண் எண்பத்தைந்து. அந்தக் குளிர் தேசத்துப் பெட்டி மூன்று நாளாக என்னிடம் நிதானமாக, மரியாதையாக ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது: 'ஐயா, இதற்கு நான் தேவையில்லை.' நான்தான் அதன் வாயை வயர் போட்டுக் கட்டியிருக்கிறேன்.

வாசலில் வந்து நின்ற குஞ்ஞப்பன் சேட்டன், "எண்டெ ஜெனரேட்டருக்கு ஒரு தீனமும் இல்லான்னு ஞான் அப்பளே பறஞ்சு" என்று கூரையைப் பார்த்துச் சொன்னார்.

நான் டிரங்குப் பெட்டியை எங்கே வைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு விநோதமான சத்தம் கேட்டது. சேர்மன் சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் மீசை மட்டும் ஆடியது, பிறகு தோள், பிறகு நாற்காலி.

"முகர்ஜி," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் மூன்று வருஷமாக ஓடியதில்லை. கல்கத்தாவில் எந்த டாக்டராலும் முடியவில்லை. இந்தப் பையன் ஓட வைத்துவிட்டான்!"

முகர்ஜி பாபுவும் சிரிக்க வேண்டியதாயிற்று. சேர்மன் சிரிக்கும்போது மேனேஜர் சிரிக்காமல் இருக்க முடியுமா? சாயங்காலம் சிவப்பு அடங்கியதும், ஹீட்டரை அணைத்தபடியே வைத்து, சேர்மன் மறுபடி குளத்தில் இறங்கினார். வெயில் காய்ச்சிய தண்ணீரில் ஒரு மணி நேரம் சுகமாக உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் முழுவதும் அப்படித்தான். கிளம்பும்போது ஜெட்டிக்குத் தடியை ஊன்றி, தானே நடந்து போனார்.

போவதற்கு முன் என்னைப் பற்றி ஓர் உத்தரவு போட்டார். வேலையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் புத்தகத்தைப் பதினாறு பக்கமும் படித்து, அர்த்தம் சொல்லி, மேனேஜரிடம் ஒப்பித்த பிறகுதான் இனி எந்த மூடியையும் திறக்க வேண்டும்.

லாங் ஐலண்டில் எனக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? டிஸ்பென்சரிக்குப் போனேன்.

"சிஸ்டர், இத கொஞ்சம் படிச்சுக் காட்டணும்."

"ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் மிஸ்திரி?"

"அரைப் பக்கம்" என்றேன்.

அரைப் பக்கம் என்றாலும் ஒரு மாதத்தில் முடிந்திருக்க வேண்டும். நாலு மாதம் ஆனது. புரியவில்லை, புரியவில்லை என்று சொல்லி ஒன்பதாம் பக்கத்தையே மூன்று வாரம் படித்தேன். (வாழ்க்கையில் தெரிந்ததைத் தெரியாது என்று நான் சொன்னது அந்த ஒரு தடவைதான்.) தேவகிக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாள். பதினாறு பக்கத்தையும் இரண்டாம் மாதமே நான் தூக்கத்தில் கூட ஒப்பிப்பேன் என்று குஞ்ஞப்பன் சேட்டன் அவளிடம் போய்ப் போட்டுக்கொடுத்திருக்கிறார். அவர்தான் எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழர்.

இப்போது போர்ட் பிளேரில் இருக்கிறோம். வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும், காபி ஆறுவதற்குள் இந்தக் கதை ஆரம்பித்துவிடும். சொல்வது நானில்லை. என் மனைவி சொல்லும்போது சேர்மன் பங்களா வாசல் வரை ஓடுவார். என் மகன் சொல்லும்போது மில் வரை ஓடுவார், அங்கே வேலை நின்றுபோய் எல்லோரும் எழுந்து சலாம் போடுவார்கள். என் பேத்தி சொல்லும்போது ஜெட்டி வரை ஓடி, கட்டியிருந்த லாஞ்சில் குதித்து, அரைக்கால் டிராயரோடு கல்கத்தாவுக்கே போய்விடுகிறார்.

அவர் ஓடியது குளத்துக் கரையிலிருந்து வராந்தாப் படி வரை. நான் டேப் வைத்து அளந்திருக்கிறேன், பதினெட்டு அடி. ஆனால் பதினெட்டு அடி என்று நான் ஆரம்பித்தால் பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் இப்போதெல்லாம் யாராவது கேட்டால், நானும் ஜெட்டி வரை என்றுதான் சொல்கிறேன். கல்கத்தா கொஞ்சம் அதிகம்.